சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,300 கி.மீ. என்கிறார்கள், விமானம் 16,600 பறக்கிறதே, ஏன்?

செங்காங் தேவி

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு நியூயார்க் போக வேண்டும். தம்பி வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம்.

டிக்கெட் பார்க்க உட்கார்ந்தவள் கணக்கில் மாட்டிக்கொண்டேன். சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் விமானங்களின் பாதையைக் காட்டும் தளத்தில் நேற்றைய விமானம் ஜப்பான் பக்கமாகப் பசிபிக் வழியே 16,600 கிலோமீட்டர் பறந்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. போக 18 மணி 40 நிமிடம், வர 18 மணி 50 நிமிடம் என்று காட்டுகிறது. லண்டன் – நியூயார்க் என்றால் மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும், காற்று எதிர்க்கும் என்பார்கள். இங்கே மட்டும் காற்று இருபக்கமும் உதவுகிறதா என்ன?

முக்கியமான கேள்வி கடைசியில்: அம்மாவோடு நிற்காமல் ஒரே மூச்சில் போவதா, பிராங்பர்ட்டில் இறங்கி ஏறுவதா?

உறையூர் வாத்தியார்

அம்மா, முதல் கேள்விக்குத் தாளும் பென்சிலும் போதும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. கென்னடி மேற்கே 73.8. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 178. அதாவது பூமியின் இந்தப் பக்கம் ஓர் ஊர், நேர் அந்தப் பக்கம் மற்றோர் ஊர். அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கிடையே குறுக்குவழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும்.

சிங்கப்பூரின் அட்சரேகை 1.4 பாகை. அங்கிருந்து துருவம் 88.6 பாகை. நியூயார்க் 40.6; துருவத்திலிருந்து இறங்க 49.4. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்குங்கள்: 15,345. விமான நிறுவனங்கள் போடும் எண்ணும் இதுதான். துல்லியமாகப் பார்த்தால் அந்தப் பெருவட்டப் பாதை, அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, துருவப் புள்ளியைத் தொடாது, முந்நூறு கிலோமீட்டருக்குள் கடந்துபோகும்.

வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால், சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுவிட்டுப் பசிபிக் வழியாகத்தான் நேர் பாதை என்று பிள்ளைகள் சாதிப்பார்கள். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினால்தான் அடங்குவார்கள்.

சில்லறை சேகர்

அப்படியென்றால் துருவத்தை ஒட்டியே பறக்க வேண்டியதுதானே? ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் எரிபொருள் மிச்சம். எதற்கு ஜப்பானைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்? சுற்றுவது அவர்கள், காசு நம்முடையது.

பழைய ஸ்பானர்

சேகர் தம்பி, விமானம் தரையில் ஓடுவதில்லை, காற்றுக்குள் ஓடுகிறது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. விமானப் பராமரிப்பில் காலம் தள்ளியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏ350 போன்ற விமானம் அசையாத காற்றில் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். 15,345 கிலோமீட்டரை 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம். இனிப் பசிபிக் வழி. 16,600 கிலோமீட்டர். ஆனால் வழி நெடுக மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுகிறது. சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் தள்ளினால் தரையின் மேல் வேகம் 1,000. நேரம் 16 மணி 36 நிமிடம். தூரம் கூடியது, நேரம் குறைந்தது, எரிபொருளும் குறைந்தது. இது எளிமைப்படுத்திய கணக்குதான். ஆனால் ஒவ்வொரு நாளும் பாதை போடுகிறவர்கள் செய்வது இதன் பெரிய வடிவம். ஆகவே, தேவி, நேற்று 16,600 என்றால் நாளை வேறொரு எண் வரும்.

துருவ வழியில் தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேர் வடக்கே ஏற வேண்டும். காற்று அங்கே பக்கவாட்டில் அடிக்கும், உதவி கிடையாது. போதாக்குறைக்கு, திபெத்தியப் பீடபூமியின் கிழக்கு விளிம்பு குறுக்கே வருகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் பயணிகளுக்காக 10,000 அடி உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கே மலையே அதைவிட உயரம். அதற்கென்று தனி ஆக்சிஜன் ஏற்பாடும் இறங்கும் திட்டமும் வேண்டும்.

துருவத்துக்குப் பக்கத்தில் வேறு தொல்லைகள். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் 82 பாகைக்கு வடக்கே சரியாக எட்டுவதில்லை. சூரியப் புயல் வீசும் நாளில் உயர் அலைவரிசை ரேடியோவும் கைவிடும். எரிபொருள் உறையும் பிரச்சினையும் உண்டு. உலகில் பெரும்பாலான இடங்களில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளுக்கு உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அமெரிக்காவில் நிரப்புவது ஜெட் ஏ. அதற்கு மைனஸ் 40தான். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே போக வேண்டும்; மிகவும் குளிர்ந்தால் கீழே இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள்.

இவ்வளவையும் தாண்டித் துருவம் வழியாகப் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் விமானத்தை ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். அதே நிறுவனம் 2016இல் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடி 15,300 ஆனது. பயண நேரமோ குறைந்து பதினாலரை மணிக்கு வந்தது. இதற்கு மேல் நான் என்ன விளக்க?

செங்காங் தேவி

ஐயா, போவது புரிந்தது. வரும்போது இதே காற்று முகத்தில் அடிக்குமே?

பழைய ஸ்பானர்

அடிக்காது. வரும்போதும் கிழக்கேதான் வருவீர்கள். வாத்தியார் சொன்ன 178 பாகையை மறுபடி பாருங்கள். சிங்கப்பூர் நியூயார்க்குக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரம் ஒன்றுபோலத்தான். எனவே திரும்பும் விமானம் பெரும்பாலும் அட்லாண்டிக்கைத் தாண்டி, ஐரோப்பாவின் மேலாக, மத்திய ஆசியா, வங்காள விரிகுடா என்று வந்து சேரும். இரண்டு வழியிலும் காற்று முதுகில்தான். சில நாள் பாதை வடக்கே ஏறலாம், சில நாள் தெற்கே இறங்கலாம். லண்டன்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. நியூயார்க்கிலிருந்து கிழக்கே போய் லண்டனைப் பிடித்தவர்கள் திரும்பவும் கிழக்கே போய் நியூயார்க்கை அடைய முடியுமா?

குயின்ஸ் குமரன்

தேவி அக்கா, அப்படியானால் அம்மா உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வரப்போகிறார் என்று சொல்லிவிடுங்கள். முழங்கால் வலி பாதி போய்விடும்.

தேதிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்னால். கோடையில் 12. ஓர் எடுத்துக்காட்டு: சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குச் சாங்கியில் கிளம்பினால், 18 மணி 40 நிமிடம் கழித்து இங்கே அதே சனிக்கிழமை மாலை 5.40. இரவு உணவுக்கு வீட்டில் இருக்கலாம். திரும்பும்போது பழி வாங்கிவிடும். சனி இரவு 10.30க்கு இங்கே ஏறினால் அங்கே திங்கள் காலை 6.20. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று உங்களுக்குக் கிடையாது. நான் திங்கட்கிழமையே வேலைக்குப் போக வேண்டிய நிலையில் ஒருமுறை வந்தேன். அந்த நாளில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

மீனம்பாக்கம் மாலா

இடையில் ஒரு கேள்வி. சென்னையிலிருந்து நியூயார்க் போக சிங்கப்பூர் வந்து இந்த நேரடி விமானத்தைப் பிடிப்பது புத்திசாலித்தனமா? மலிவாக ஒரு டிக்கெட் கண்ணில் பட்டது.

உறையூர் வாத்தியார்

சென்னை – நியூயார்க் பெருவட்டத் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். சென்னை – சிங்கப்பூர் 2,900. அதோடு 15,345 சேர்த்தால் 18,245. கிட்டத்தட்ட 4,750 கிலோமீட்டர் கூடுதல். துபாய், தோகா, பிராங்பர்ட், லண்டன் எல்லாம் வழியில் இருக்கின்றன. திருச்சியிலிருந்து சென்னை போக மதுரை போய் ரயில் ஏறுவீர்களா? விலை மிகவும் குறைவு என்றால் யோசிக்கலாம். நேரத்துக்காக என்றால் வேண்டாம்.

சில்லறை சேகர்

வாத்தியார் கணக்கு சரி, வாழ்த்துகள். ஆனால் யாரும் காசைப் பற்றிப் பேசவில்லை. அந்த நேரடி விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ், இல்லையென்றால் பிரீமியம் எகானமி. ஐந்து மணி நேரம் மிச்சப்படுத்துவதற்கு நம்மிடம் இவ்வளவு பறிப்பது நியாயமா? பிராங்பர்ட் வழியாகப் போகும் விமானத்தில் சாதாரண இருக்கை இருக்கிறது. தூரமும் பெரிதாகக் கூடவில்லை. சிங்கப்பூர் – பிராங்பர்ட் 10,250, பிராங்பர்ட் – நியூயார்க் 6,200; மொத்தம் 16,450. நேரடி விமானம் பறக்கும் 16,600ஐவிடக் குறைவு!

பழைய ஸ்பானர்

தூரத்தை வைத்துப் பேசினால் சேகர் சொல்வது வேடிக்கையாக உண்மைதான். ஆனால் எகானமி ஏன் இல்லை என்பதைப் பேராசை என்று முடித்துவிட முடியாது.

இந்தச் சேவைக்குப் பயன்படும் ஏ350-900 யூஎல்ஆர் என்ற மிக நீண்ட தூர விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடை கிட்டத்தட்ட 132 டன். விமானம் புறப்படும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எரிபொருள்தான் பறக்கிறது. முதல் சில மணி நேரம் எரியும் எண்ணெயில் கணிசமான பங்கு, கடைசி மணி நேரங்களுக்கான எண்ணெயைச் சுமப்பதற்கே செலவாகிறது. அதனால் ஆளையும் சரக்கையும் குறைத்தாக வேண்டும். 161 பேர்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்துவதில்லை. இந்த வகை விமானங்கள் ஏழுதான் கட்டப்பட்டன. ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இருக்கின்றன.

முன்பும் இதைச் செய்து பார்த்தார்கள். 2004 ஜூனில் ஏ340-500 என்ற நான்கு எஞ்சின் விமானத்தை வைத்து, நியூயார்க்கை ஒட்டியுள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவை தொடங்கினார்கள். 2008இல் எல்லா இருக்கைகளையும் பிசினஸ் ஆக்கி நூறு பேரோடு பறந்தார்கள். எண்ணெய் விலை ஏற ஏற நான்கு எஞ்சினுக்கு ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே எஞ்சினில் இவ்வளவு தூரம் போகும் விமானம் வந்த பிறகுதான் 2018 அக்டோபர் 11 அன்று சேவை மறுபடி தொடங்கியது. கென்னடிக்குப் பறக்க ஆரம்பித்தது 2020 நவம்பரில், பெருந்தொற்றுக்கு நடுவில்.

ஆகவே, சேகர், அங்கே எகானமியை நுழைத்தால் உங்களுக்கு இருக்கை கிடைக்கும், நியூயார்க் கிடைக்காது. அலாஸ்காவில் இறங்கி எண்ணெய் போட வேண்டியிருக்கும்.

சில்லறை சேகர்

அலாஸ்காவையும் பார்த்த மாதிரி இருக்குமே ஐயா. போகட்டும். சுற்றுச்சூழல் என்ற ஒன்று இருக்கிறதல்லவா? எண்ணெயைச் சுமக்க எண்ணெய் எரிகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பாதி வழியில் இறங்கி நிரப்பிக்கொண்டு முந்நூறு பேரோடு போவதுதானே தலைக்குக் குறைவு?

பழைய ஸ்பானர்

தலைக்கு என்று பார்த்தால் உங்கள் பக்கம் வாதம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் நடுவில் இறங்கினால் இன்னொரு முறை மேலே ஏற வேண்டும், அதுவும் எண்ணெய்தான். எந்த விமானம், எத்தனை இருக்கை நிரம்பியது, எவ்வளவு சுற்று என்பதையெல்லாம் பார்க்காமல் தீர்ப்பு எழுத முடியாது.

கொக்குவில் குருவி

18 மணித்தியாலம் என்று எல்லோரும் மலைக்கிறீர்கள். எங்கள் இலங்கைத் தீவின் கதை ஒன்று கேளுங்கள். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான விமானப் பாதை அறுந்துபோனது. அதை ஒட்டவைக்க 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரிலிருந்து எங்கள் காலி நகருக்குப் பக்கத்திலுள்ள கொக்கல வாவிக்குக் கடல் விமானங்களை ஓட்டியது. கட்டலினா என்ற வகை. தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். அதாவது உங்கள் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பிடித்த நேரம் 27 முதல் 33 மணித்தியாலம்!

எண்ணெய்ப் பாரத்தால் மூன்று பயணிகளுக்குமேல் ஏற்ற முடியாது. ஜப்பானிய விமானங்கள் கண்டுவிடக் கூடாதென்று ரேடியோவை அணைத்துவிட்டு, இரவில் நட்சத்திரம் பார்த்துத் திசை பிடித்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிப்பதைக் கண்டபடியால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று அந்தச் சேவைக்குப் பெயர். பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். எண்ணெயா ஆளா என்ற ஸ்பானர் ஐயாவின் கணக்கு அப்போதே போடப்பட்டது.

உறையூர் வாத்தியார்

அருமை, குருவி. காற்றைப் பற்றியும் அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு. ஜப்பானுக்கு மேலே ஓடும் அந்தப் பலத்த மேல்காற்றை 1920களிலேயே வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலையாளர் பலூன் விட்டு அளந்துவிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை வெளியிட்டார். விளைவு, யாரும் படிக்கவில்லை. 1944இல் ஜப்பான் மேல் குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானிகள் அந்தக் காற்றில் தள்ளாடித்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும். தேவி டிசம்பரில் போகிறார். நல்ல தள்ளு கிடைக்கும்.

காற்று மட்டுமல்ல, அரசியலும் நேரத்தை மாற்றும். ஹெல்சிங்கி – டோக்கியோ 7,800 கிலோமீட்டர். 1983இல் பின்லாந்தின் ஃபின்ஏர் நேரடிச் சேவை தொடங்கியபோது சோவியத் வான்வெளிக்குள் அனுமதி இல்லை. துருவத்தைச் சுற்றி 13 மணி நேரம். பிறகு சைபீரியா வழி திறந்தது, பயணம் ஒன்பதரை மணி அளவுக்கு இறங்கியது. 2022இல் உக்ரைன் போரால் ரஷ்ய வான்வெளி மறுபடி மூடியது. மறுபடியும் 13 மணி. இரண்டு ஊரும் நின்ற இடத்தில்தான் நிற்கின்றன.

இரவுப்பணி செவிலி

எல்லாரும் காற்றையும் போரையும் பேசுகிறீர்கள், முழங்காலை மறந்துவிட்டீர்கள்.

தேவி அக்கா, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. பயப்பட வேண்டாம், மொத்தத்தில் பார்த்தால் ஆறாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவுதான். ஆனால் முதியவர், அசைய முடியாதவர், பருமனானவர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அழுத்தக் காலுறை எல்லாருக்கும் பொருந்தாது. கடையில் வாங்கி மாட்டிவிடாதீர்கள். ஓர இருக்கை எடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கட்டும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும். கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். எந்த ஊர் நேரப்படி தருவது என்றும் மருத்துவரிடமே கேளுங்கள்.

என்னைக் கேட்டால், இடையில் நிற்பது முழங்காலுக்கு நல்லது என்பது பாதிதான் உண்மை. பிராங்பர்ட்டில் கைப்பைகளோடு எல்லாரும் இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து மறுபடி ஏற வேண்டும். அது உலாவல் அல்ல, வரிசையில் நிற்பது.

சில்லறை சேகர்

சக்கர நாற்காலி கேட்டால் வரிசையே இல்லையே! பதின்மூன்று மணி நேரப் பறப்பாக ஒன்று, எட்டு ஒன்பது மணி நேரமாக ஒன்று என்று உடைத்தால் உடம்பு தாங்கும். என் அத்தையை அப்படித்தான் அழைத்துப் போனேன்.

குயின்ஸ் குமரன்

சக்கர நாற்காலி வரும். எப்போது வரும் என்பதுதான் கேள்வி. நடுவழி நிலையம் ஒன்றில், பெயர் வேண்டாம், என் மாமியாரை ஓர் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுப் போன ஊழியர் திரும்பவே இல்லை. கடைசியில் நானே தள்ளிக்கொண்டு ஓடினேன். இறங்கி ஏறும் இடம் ஒவ்வொன்றிலும் இந்தச் சூதாட்டம் உண்டு. அம்மாவிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஜெர்மனியின் இடைப்பயண விசா விதியையும் டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

மீனம்பாக்கம் மாலா

சிட்னி – லண்டன் நேரடி விமானம் வரப்போகிறது என்கிறார்களே, அது இதைவிட நீளமா?

பழைய ஸ்பானர்

நீளம்தான். சுமார் 17,000 கிலோமீட்டர், இருபது மணி நேரம். ஏ350-1000 விமானத்தில் பின்பக்கம் 20,000 லிட்டர் டேங்க் கூடுதலாக வைத்து, 238 இருக்கைகளோடு திட்டம். குவாண்டாஸ் 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 49 பேரை மட்டும் ஏற்றிச் சோதனையாகப் பறந்தபோது 19 மணி 16 நிமிடம் ஆனது. பூமியின் மேல் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே 20,000 கிலோமீட்டர்தான் உச்சம். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

செங்காங் தேவி

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நிற்காமல் போகும் விமானமே போதும், நடுவில் ஓர் ஊரில் செருப்பைக் கழற்றி மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். பிரீமியம் எகானமியில் ஓர இருக்கை பதிந்தாயிற்று, சக்கர நாற்காலியும் சேர்த்து. சேகர் அண்ணன் மன்னிக்கவும்.

கடைசியாக ஒன்று. ஸ்பானர் ஐயா கணக்குப்படி பறப்பது 17 மணி அளவுதான். டிக்கெட்டில் 18.40 என்று இருக்கிறது. தம்பி எதை நம்பி விமான நிலையத்துக்குக் கிளம்புவது?

பழைய ஸ்பானர்

டிக்கெட்டில் இருப்பது கதவிலிருந்து கதவு வரை. சாங்கியில் விமானம் பின்னால் நகரும் கணத்தில் தொடங்கி, அங்கே நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை. ரன்வேக்கு ஊர்வது, ஏறுவது, நெரிசலில் வானத்தில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதத்துக்கென்று கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். 2018இல் சேவை மறுபடி தொடங்கிய அன்று அட்டவணை 18 மணி 25 நிமிடம். விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்விட்டது.

குயின்ஸ் குமரன்

அக்கா, தம்பி அட்டவணையையே பார்க்க வேண்டாம். விமானம் தரையிறங்கிவிட்டது என்று போனில் காட்டிய பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும். குடிநுழைவு, பெட்டிகள், சக்கர நாற்காலி எல்லாம் முடிந்து நீங்கள் வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். கென்னடியில் முன்னதாக வந்து நின்றால் பார்க்கிங் கட்டணம்தான் ஏறும். குழந்தையை அழைத்து வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள்; டிசம்பர் குளிர்.